வீட்டுக்கு எலிப்டிகல் வாங்குவது: குறைந்த செலவில் நெடுநாள் உழைக்கும் மெஷின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வாங்கிய முதல் எலிப்டிகல், அதாவது நின்றுகொண்டே பெடலை மிதிக்கும் உடற்பயிற்சி மெஷின், ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. பெரிய வண்ணத்திரை, பன்னிரண்டு விதமான பயிற்சித் திட்டங்கள் எல்லாம் இருந்தன. ஐந்தாவது மாதம் இடது பெடலில் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கைப்பிடித் தண்டும் பெடல் தண்டும் சேரும் மூட்டுக்கு அடியில் கருப்பாகப் பொடி கொட்டிக் கிடந்தது. தொட்டால் மை போல விரலில் ஒட்டியது. இரும்பு இரும்பைத் தின்ற பொடி. அந்த மூட்டில் பேரிங்கே (தண்டு தேயாமல் சுழல உதவும் குண்டுகள் வைத்த வளையம்) கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் புஷ் (தண்டைச் சுற்றி இருக்கும் வெறும் குழல்) ஒன்று இருந்திருக்கிறது, அதுவும் தேய்ந்து கிழிந்துவிட்டது.

இரண்டாவது மெஷினை ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றபோது வாங்கினேன். பழைய சாம்பல் நிறத் திரை, ஆனால் இரண்டு பேர் சேர்ந்தும் தூக்கத் திணறினோம். ஏழு வருடமாக ஓடுகிறது. அதற்குப் பிறகு உறவினர், நண்பர், நண்பருக்கு நண்பர் என்று பலர் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எலிப்டிகல் என்பது சரியாக என்ன செய்கிறது? டிரெட்மில் இருக்கும்போது இது எதற்கு?

ஓடும்போது நம் பாதம் காற்றில் போய் வருகிற பாதை ஒரு நீள்வட்டம் போல இருக்கும். அந்தப் பாதையிலேயே பெடல் பாதத்தை ஏந்திக்கொண்டு போகிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் மோதுகிறது. இதில் பாதம் பெடலை விட்டு எழும்புவதே இல்லை, அதனால் அந்த மோதலும் இல்லை. பிரிகார் நிறுவனம் 1995-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷினுக்குப் பிறகுதான் இது உடற்பயிற்சிக் கூடங்களில் பரவியது.

நின்றுகொண்டே செய்வதால் உடல் எடையைக் கால்கள்தான் சுமக்கின்றன. கைப்பிடியைத் தள்ளி இழுத்தால் தோளும் முதுகும் சேர்ந்துகொள்ளும். டிரெட்மில்லில் பெல்ட்டை ஓட்டப் பெரிய மோட்டார் வேண்டும். இங்கே ஓட்டுவது நீங்கள்தான். மோட்டார் கெடுவது என்ற பெரிய செலவு இல்லை. ஆனால் அசையும் மூட்டுகள் அதிகம். எலிப்டிகல் கெட்டால் பெரும்பாலும் மூட்டில்தான் கெடும். கீழே சொல்லப்போவதில் பாதி அதைப் பற்றியதுதான்.

‘ஏர் வாக்கர்’ என்று மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறதே, அதுவும் இதுதானா?

இல்லை. அதில் இரண்டு பெடலும் ஊஞ்சல் மாதிரி தனித்தனியாக முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். ஓட்டத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் கிடையாது, பெரும்பாலானவற்றில் மிதிப்பதைக் கடினமாக்கும் தடையைக் கூட்டவும் முடியாது. கையையும் காலையும் அசைத்துவிட உதவும். மூச்சு வாங்க, வியர்க்க உழைக்க வேண்டும் என்றால் அது போதாது.

ஒரு மெஷின் உழைக்குமா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மெஷினின் சொந்த எடையைக் கேளுங்கள். ஆளைத் தாங்கும் எடை வேறு, இது வேறு. முப்பது கிலோ மெஷின் என்றால் குழாய் மெல்லியது, அடிச்சட்டம் குறுகியது என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது கிலோவைத் தாண்டும்போது ஆட்டம் குறைவதைக் காலிலேயே உணர்வீர்கள்.

அப்புறம் ஒரு பெடலை அடியில் கொண்டுவந்து, அதன்மேல் முழு எடையையும் வைத்து நின்று இலேசாக இடம் வலம் சாய்ந்து பாருங்கள். சட்டம் முறுக்கிக்கொள்வது போலத் தெரிந்தால் அதை விட்டுவிடலாம். கீழே இறங்கி, பெடல் தண்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ‘கடக்’ என்று இடைவெளி தட்டுப்படக் கூடாது. புது மெஷினிலேயே அது இருந்தால், ஒரு வருடத்தில் எப்படி இருக்கும்?

மூன்றாவதாக, மெதுவாக மிதியுங்கள். கடைக்காரர் வேகமாக மிதித்துக் காட்டுவார். வேகத்தில் எல்லா மெஷினும் வழுக்கிக்கொண்டு ஓடும். மெதுவாக மிதிக்கும்போதுதான் குறை வெளியே வரும். பெடல் உச்சிக்கு ஏறும் இடத்தில் சிக்கி நின்று, பிறகு தொப்பென்று விழுவது போல இருந்தால், ஃப்ளைவீலோ அதைச் சுற்றும் அமைப்போ போதவில்லை. தடையை முழுக்கக் கூட்டி ஒரு நிமிடம், பின்னோக்கி ஒரு நிமிடம். இவ்வளவையும் உங்கள் சொந்த ஷூவைப் போட்டுக்கொண்டு, கேட்க வெட்கப்படாமல் பத்து நிமிடமாவது செய்யுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: “மூட்டுகளில் பேரிங்கா, புஷ்ஷா?” கிராங்க் அச்சில், அதாவது பெடல் தண்டுகள் சுற்றும் நடு அச்சில், மூடப்பட்ட பால் பேரிங் கண்டிப்பாக வேண்டும். கைப்பிடி மூட்டுகளிலும் பேரிங் இருந்தால் மிக நல்லது. புஷ் இருந்தாலும் தப்பில்லை, கனமான வெண்கலப் புஷ் நன்றாகவே உழைக்கும். ஆனால் தேய்ந்தால் மாற்றக் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் பயனர் கையேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் உதிரிபாகங்கள் எல்லாம் பிரித்துப் போட்ட படமாக, எண்ணிட்டு இருக்கும். நான் அந்தப் படத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இணையத்தில் வாங்கினால் இதையெல்லாம் சோதிக்க முடியாதே?

முடியாது. அப்போது பெட்டியோடு சேர்ந்த எடையைப் பாருங்கள், கையேட்டைத் தரவிறக்கிப் படியுங்கள். வாங்கிய வாரமே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் கருத்து உங்களுக்கு உதவாது. ஒரு வருடம் கழித்து எழுதியவர்களைத் தேடிப் படியுங்கள். ‘சத்தம்’, ‘ஆடுகிறது’, ‘உதிரிபாகம்’ என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று பாருங்கள். திருப்பி அனுப்பும்போது சுமைக்கூலி யாருடையது என்பதையும் முன்பே கேளுங்கள். ஐம்பது கிலோப் பெட்டியைத் திருப்பி அனுப்புவது சின்ன வேலை இல்லை.

ஃப்ளைவீல் எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான். பொதுவாக வீட்டு மெஷின்களில் ஐந்து கிலோவிலிருந்து பன்னிரண்டு கிலோ வரை பார்க்கலாம். கனம் கூடினால் ஓட்டம் சீராகும் என்பது உண்மை. ஆனால் கனம் மட்டும் கணக்கில்லை.

சுழலும் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால் ஒரு மிதிக்குப் பல சுற்று சுற்றும் ஆறு கிலோ சக்கரம், மெதுவாகச் சுற்றும் ஒன்பது கிலோ சக்கரத்தைவிட இதமாக ஓடலாம். கனம் விளிம்பில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதும் முக்கியம். மிதித்துப் பார்க்க வாய்ப்பு இல்லாதவர்கள் ஏழெட்டுக் கிலோவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். வாய்ப்பு இருப்பவர்கள் எண்ணை மறந்துவிட்டுக் காலை நம்புங்கள்.

காந்தத் தடை என்கிறார்களே, அது அவசியமா?

அவசியம். பழைய முறையில் ஒரு பட்டையோ கட்டையோ சக்கரத்தின்மேல் அழுந்தித் தேயும். சூடாகும், சத்தம் போடும், கரையும். காந்த முறையில் எதுவும் சக்கரத்தைத் தொடுவதில்லை. காந்தத்துக்கு அருகே சுற்றும் உலோக விளிம்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது, அது சுழற்சியை எதிர்க்கிறது. காந்தம் நெருங்க நெருங்கத் தடை கூடும். தேய்வதற்கு ஒன்றுமே இல்லை.

இதிலும் இரண்டு மூன்று வகை உண்டு. குமிழைத் திருப்பினால் ஒரு கம்பி காந்தத்தை இழுக்கும் வகை எளிமையானது. கம்பி அறுந்தால் மாற்றுவதும் சுலபம். பொத்தானை அழுத்தினால் சிறு மோட்டார் காந்தத்தை நகர்த்தும் வகைக்கு மின்சாரம் வேண்டும். மின்காந்தச் சுருளால் தடை தரும் வகையும் இருக்கிறது. நன்றாக இருக்கும், விலையும் கூடும். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குக் குமிழ் வகையையே சொல்வேன்.

என் எடை 90 கிலோ. ‘100 கிலோ வரை’ என்று போட்டிருக்கும் மெஷின் போதுமா?

வாங்காதீர்கள். உங்கள் எடையைவிட குறைந்தது இருபது, இருபத்தைந்து கிலோ கூடுதலாகத் தாங்கும் மெஷினாகப் பாருங்கள். மிதிக்கும்போது எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. வரம்பின் விளிம்பில் ஓடும் மெஷினில் எல்லா மூட்டும் சீக்கிரம் தளரும். வீட்டில் வேறு யாரெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பதையும் யோசியுங்கள். கனமானவரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

‘ஸ்டிரைடு’ நீளம் என்றால் என்ன? எனக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு பெடல் முன்கோடிக்கும் பின்கோடிக்கும் இடையில் நகரும் தூரம் அது. விலை குறைந்த மெஷின்களில் 12 முதல் 14 அங்குலம்தான் இருக்கும். அதில் சராசரி உயரம் உள்ளவர் ஏறினால் நடப்பது போலவே இருக்காது, ஒரே இடத்தில் மாடிப்படி ஏறுவது போல முழங்கால் மேலே மேலே வரும். முழங்கால் வலிக்காக எலிப்டிகல் வாங்கி, அதே வலியோடு அதை ஓரம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மெஷின்கள் எல்லாமே இப்படிக் குட்டையானவை.

ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு 16 அங்குலம் சரியாக இருக்கும். அதிலிருந்து ஐந்தடி ஏழு அங்குலம் வரை 18, அதற்கு மேல் 20. இது தோராயக் கணக்கு; கால் நீளமானவர்கள் ஒரு படி மேலே போகலாம். வீட்டில் உயரம் கலந்திருந்தால் நீளமானதையே வாங்குங்கள். குள்ளமானவர் நீளமான ஸ்டிரைடில் ஓரளவு பழகிக்கொள்வார், உயரமானவருக்குக் குட்டை ஸ்டிரைடு பழகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு பெடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அது அகலமாக இருந்தால் காலை விரித்து நடப்பது போலாகி இடுப்பில் வலி வரும். விளம்பரத்தில் இதை எழுதவே மாட்டார்கள், ஏறி நின்றால்தான் தெரியும்.

ஃப்ளைவீல் முன்னால் இருப்பது நல்லதா, பின்னால் இருப்பதா?

இதை வைத்து உழைப்பைத் தீர்மானிக்க முடியாது. முன்னால் இருக்கும் பல மெஷின்களில் பின்பக்கம் ரோலர்கள் தண்டவாளத்தில் ஓடும். ரோலரையும் தண்டவாளத்தையும் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி அரைபட்டு கரகரவென்று சத்தம் வரும். பின்னால் இருப்பவற்றில் மிதிப்பது கொஞ்சம் சமதளமாகத் தோன்றும், மெஷின் நீளமாக இருக்கும். எது உங்கள் காலுக்கும் அறைக்கும் பொருந்துகிறதோ அது.

அறையின் கூரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

வாங்கும்முன் பலரும் இதை அளப்பதில்லை. பெடல் உச்சிக்கு வரும்போது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதோடு வீட்டில் உயரமானவரின் உயரத்தைக் கூட்டி, மேலே ஒரு சாண் விடுங்கள். பெடல் உச்சி 45 செ.மீ., ஆள் 175 செ.மீ. என்றால் 220; ஒரு சாண் சேர்த்தால் ஏறக்குறைய 240 செ.மீ. மின்விசிறிக்கு நேர் கீழே எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் அரை மீட்டராவது காலியாக இருக்கட்டும். பெட்டி வாசலில் நுழையுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டும். எதை விட்டுக்கொடுக்கலாம்?

திரையை. வண்ணத்திரை, ஸ்பீக்கர், சிறு விசிறி, இருபத்து நான்கு பயிற்சித் திட்டங்கள், புளூடூத் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். நேரமும் வேகமும் தடை அளவும் தெரிந்தால் போதும். மெஷினில் முதலில் பழசாவது திரைதான். மாதச் சந்தா கட்டினால்தான் முழுதாக வேலை செய்யும் திரைகளும் இருக்கின்றன. ஒரு போனை வைத்துக்கொள்ள இடம் இருந்தால், பாட்டும் பயிற்சியும் அதிலேயே கிடைத்துவிடும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை: சட்டத்தின் கனம், பேரிங், ஸ்டிரைடு நீளம், உதிரிபாகம் கிடைப்பது.

மடிக்கும் வகையையும், இருக்கை வைத்து சைக்கிளாகவும் மாறும் வகையையும் பற்றிக் கேட்கிறார்கள். மடிப்பு என்றால் கூடுதலாக ஒரு மூட்டு, தளர இன்னொரு இடம். இருக்கை வைத்ததில் இரண்டு வேலையும் அரைகுறையாகத்தான் நடக்கும். இடமே இல்லை என்றால் தவிர வேண்டாம்.

பயன்படுத்திய மெஷின் வாங்கலாமா?

தாராளமாக. என் கருத்தில் குறைந்த செலவில் நல்ல மெஷினுக்கு இதுதான் சிறந்த வழி. வீட்டு மெஷின்கள் பல, துணி காயப்போடும் இடமாக மாறித் தேயாமலே நிற்கின்றன.

போனதும் கைப்பிடிக்குக் கீழே பாருங்கள். வியர்வை சொட்டும் இடம் அதுதான், துரு முதலில் அங்கே வரும். மேலோட்டமான துரு பரவாயில்லை, வெல்டிங் இருக்கும் இடத்தில் துரு பொங்கியிருந்தால் வேண்டாம். மூட்டுகளுக்கு அடியில் நான் சொன்ன கரும்பொடி இருக்கிறதா என்று வெள்ளைத்துணியால் துடைத்துப் பாருங்கள். முழுதாக ஐந்து நிமிடம் மிதியுங்கள். கையேடு, மின் அடாப்டர் இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மாடல் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும்.

உத்தரவாதத்தில் எதைப் படிக்க வேண்டும்?

‘பத்து வருடம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால், எதற்குப் பத்து வருடம் என்று பாருங்கள். பெரும்பாலும் அது சட்டத்துக்கு மட்டும். சட்டம் அவ்வளவு சுலபத்தில் உடையாது. தேய்வது பேரிங், புஷ், ரோலர், பெல்ட். அவற்றுக்கு எத்தனை மாதம்? பழுது பார்க்க வருபவரின் கூலி அதில் சேருமா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சில மெஷின்களில் ஐ.எஸ்.ஓ. 20957 அல்லது இ.என். 957 என்ற தரக் குறியீடு இருக்கும். கூடவே ‘எச்’ என்று இருந்தால் வீட்டு உபயோகம், ‘எஸ்’ என்றால் உடற்பயிற்சிக் கூடம். அதோடு வரும் ஏ, பி, சி ஆகியவை துல்லியத்தின் அளவு. ஏ அதிகம், சி குறைவு. வீட்டுக்கான மெஷினைப் பொது இடத்தில் வைத்தால் பெரும்பாலும் உத்தரவாதம் போய்விடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறைக்கு வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நானே பொருத்திக்கொள்ளலாமா?

இரண்டு பேர் இருந்தால் இரண்டு மூன்று மணி நேர வேலை. எல்லா போல்ட்டையும் கையால் பாதி மட்டும் திருகி விடுங்கள். முழுச் சட்டமும் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் அடுத்தது துளையில் சேராமல் மரை கெடும். சில மெஷின்களில் இடது பக்கப் பெடல் போல்ட் எதிர்த்திசை மரை. திருகாமல் முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டாமல் கையேட்டைப் பாருங்கள். வளைந்த வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் சின்னதாக இருக்கும், உருண்டு ஓடும். ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள், போல்ட் தளராமல் பிடித்து வைப்பது அவைதான்.

புது மெஷினே கிறீச்சிடுகிறது. என்ன செய்வது?

முதல் மாதத்தில் பெரும்பாலும் போல்ட் தளர்வுதான். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். தளர்ந்த போல்ட்டோடு தொடர்ந்து மிதித்தால் துளை பெரிதாகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. என் முதல் மெஷினை நானே இப்படித்தான் பாதி கெடுத்தேன் என்று இப்போது புரிகிறது. சத்தம் வந்த அன்றே கவனித்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.

எங்கிருந்து சத்தம் என்று தெரியாவிட்டால் ஒருவரை மெதுவாக மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு மூட்டின்மேலும் விரல் நுனியை இலேசாக வைத்துப் பாருங்கள். காதுக்குப் பிடிபடாத இடம் விரலுக்கு அதிர்வாகத் தெரியும். நசுங்கும் இடங்களில் விரலை நுழைக்காதீர்கள், மேற்பரப்பில் மட்டும் வையுங்கள். இடம் தெரிந்ததும் போல்ட்டைக் கழற்றி, பழைய அழுக்கைத் துடைத்து, லித்தியம் கிரீஸை மெல்லிசாகத் தடவிப் பூட்டுங்கள். தண்டவாளம் இருந்தால் அதற்கு கிரீஸ் ஆகாது, தூசியைப் பிடித்துக்கொள்ளும். துடைத்துவிட்டு, கையேடு அனுமதித்தால் கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய் போதும். வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு எண்ணெயை ஊற்றாதீர்கள்.

தரை சமமில்லாவிட்டாலும் முனகும். அடியில் உள்ள திருகுகளைத் திருப்பி நான்கு மூலையும் தரையைத் தொடும்படி செய்து, கெட்டியான ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கும் அது நிம்மதி.

பத்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போகிறது. மெஷின் குறையா?

பெரும்பாலும் இல்லை. பாதம் பெடலை விட்டு எழும்பாததால் முன்பாதத்தில் அழுத்தம் தொடர்ந்து இருக்கிறது. ஷூ கயிற்றைத் தளர்த்துங்கள், எடையைக் குதிகாலுக்கு மாற்றுங்கள், அவ்வப்போது திசையை மாற்றிப் பின்னோக்கி மிதியுங்கள். அதற்கும் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரை காட்டும் கலோரியை நம்பலாமா?

நம்ப வேண்டாம். உங்கள் வயது, எடைகூடத் தெரியாமல் பல மெஷின்கள் ஒரு எண்ணைக் காட்டுகின்றன, அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டும் உதவும். கைப்பிடியில் உள்ள நாடித் தகடும் கை அசைந்தால் தடுமாறும். மார்பில் கட்டும் பட்டை அதைவிட நம்பகமானது.

எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. முதல் வாரம் பத்து நிமிடமே போதும், தடையைக் குறைவாக வையுங்கள். இதய நோய், சர்க்கரை, பழைய மூட்டு அறுவை சிகிச்சை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் குழந்தை இருக்கிறது. வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கதவு மூடும் அறையில். நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் சுழன்று ஓயும்வரை பெடல் இன்னும் சில சுற்று போகும், அந்தத் தண்டுகளுக்கு நடுவில் சின்ன விரல்கள் எளிதாக நுழையும். பின்னால் குழந்தை வந்து நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. நான் இறங்கியதும் இரண்டு பெடல் தண்டையும் ஒரு பட்டையால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவேன், தடையையும் உச்சத்தில் வைப்பேன். ஒரு நிமிட வேலைதான், ஏழு வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லை.